ஃபாரன்சிக் வார்டு கேஸ் ஃபார்முலேஷன்: ஐந்து ‘பி’யும் நிரப்பியாயிற்று, ஆனால் ‘இது வெறும் பட்டியல்’ என்று திரும்பி வந்துவிட்டது

அரைகுறைநோட்டு (கேள்வி)

வணக்கம். கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில்., ஃபாரன்சிக் போஸ்டிங் (குற்ற வழக்கில் சம்பந்தப்பட்ட மனநோயாளிகளின் வார்டு). ஒரு கேஸ் ஃபார்முலேஷன் (நோயாளியின் பிரச்சினை ஏன், எப்படி வந்தது என்ற விளக்கம்) எழுதிக் கொடுத்தேன். “இது பட்டியல், ஃபார்முலேஷன் இல்லை” என்ற ஒரே வரியோடு திரும்பி வந்திருக்கிறது. எது விடுபட்டது என்று சொல்லுங்கள். வயது, உறவு, ஊர் எல்லாவற்றையும் ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

34 வயது ஆண், கல்யாணம் ஆகவில்லை. ஒன்பது வருடமாக சிசோஃப்ரினியா. வீட்டில் அண்ணனை அரிவாளால் வெட்டினார். அண்ணன் பிழைத்துக்கொண்டார், வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது. இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 84-இன்படி (மனநிலை பிறழ்ந்த நிலையில் செய்தது குற்றமாகாது என்பது) விடுதலை, ஆனால் பாதுகாப்புக் காவலில் வைக்கும்படி உத்தரவு. மூன்று வருடமாக வார்டில் இருக்கிறார். இப்போது வீட்டுக்கு அழைத்துப்போக அம்மா மனுப் போட்டிருக்கிறார்.

நான் எழுதியது இதுதான், ஐந்து ‘பி’ வரிசையில் (ஆங்கிலத்தில் P-இல் தொடங்கும் ஐந்து தலைப்புகள்).

இப்போதைய பிரச்சினை: சிசோஃப்ரினியா, கொலை முயற்சி. முன்காரணம்: சித்தப்பாவுக்கு மனநோய், அப்பாவின் அடி, பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. உடனடித் தூண்டுதல்: மருந்து நின்றது, குடி, பாகப்பிரிவினைத் தகராறு. நீட்டிக்கும் காரணம்: இன்சைட் (தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வு) குறைவு. காக்கும் காரணம்: அம்மாவின் ஆதரவு (மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்தாவது கொடுத்திருக்கிறார்), வார்டில் மூன்று வருடமாக ஒரு சண்டைகூட இல்லை, மாதாமாதம் டெப்போ ஊசி (மருந்து பல வாரம் உடலில் நிற்கும் ஊசி) ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்.

வன்முறை அபாயத்தை மதிப்பிடும் எச்.சி.ஆர்-20-உம் போட்டாயிற்று. அதன் எச் (முன்வரலாறு) பகுதியில் ஆறுக்கு ‘உண்டு’. அதை இதோடு எப்படி இணைப்பது என்று தெரியவில்லை. வார்டு நோட்ஸில் வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் அடம். முட்டை, வாழைப்பழம், பாக்கெட் பிஸ்கட் கிடைத்தால் போதும் என்பார்.

---

பழையஃபைல்

நீங்கள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் ‘அதனால்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஐந்து கட்டமும் ஐந்து டப்பாவாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி இல்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பெயரையும் வயதையும் அடித்துவிட்டு, உங்கள் ஃபார்முலேஷனை அந்த வார்டு நர்ஸிடம் கொடுங்கள். யாரைப் பற்றியது என்று அவர் சொல்ல வேண்டும். இப்போது இருக்கிற நிலையில் வார்டில் பாதிப் பேருக்கு அது பொருந்தும். குடும்பத்தில் மனநோய், அப்பா அடித்தார், மருந்து நின்றது, குடித்தார்: யாருக்கு இல்லை?

நோயையே காரணமாக எழுதுவதுதான் இந்த வேலையில் மிகப் பழைய பிழை. அவருக்கு நோய் வந்து ஒன்பது வருடம், அரிவாளை எடுத்தது ஒரே ஒரு சாயங்காலம். மீதி மூவாயிரத்துச் சொச்சம் நாளிலும் அதே நோய் இருந்ததே? ஆகவே ஃபார்முலேஷன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏன் அந்த ஆள்? ஏன் அந்த நாள்? ஏன் அந்த விதம்? டயக்னோசிஸ் இந்த மூன்றில் எதற்கும் பதில் சொல்லாது.

இனி உங்கள் தயிர்சாதத்துக்கு வருகிறேன். அதை அடைப்புக்குறிக்குள், காக்கும் காரணத்தில் வைத்திருக்கிறீர்கள். என் கணிப்பில் இந்த கேஸின் சாவியே அதுதான். அவருடைய டெல்யூஷன் (நோயால் வரும் அசைக்க முடியாத பொய் நம்பிக்கை) என்ன என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் முட்டையும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் சொல்லிவிடுகின்றன. ஓடு உடையாதது, தோல் உரிக்காதது, சீல் பிரிக்காதது. மூன்றிலும் யாரும் எதையும் கலக்க முடியாது. சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுகிற ஒருவருடைய சோற்றில், வீட்டார் நிஜமாகவே எதையோ கலந்திருக்கிறார்கள். விஷம் இல்லை, மாத்திரை. ஆனால் வாயில் கசப்புத் தட்டியபோது அவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? சந்தேகத்துக்கு நாமே சாட்சி தயாரித்துக் கொடுத்த மாதிரி.

நம் ஊரில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது சர்வசாதாரணம். அம்மாக்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பல வீடுகளில் வேறு வழியும் இருப்பதில்லை. அதற்காக அதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘குடும்ப ஆதரவு’ என்று எழுதிவிடக் கூடாது. அன்பால் செய்தது வேறு, அது அவர் மனதில் செய்த வேலை வேறு. ஃபார்முலேஷனுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

‘வார்டில் சண்டை இல்லை’ என்பதையும் இதே கண்ணால் பாருங்கள். வார்டில் சோறு அண்டாவில் வருகிறது, நாற்பது பேருக்கும் ஒரே கரண்டி. தனியாக அவருக்கென்று யாரும் எதுவும் வைக்க முடியாது. போதாததற்கு முட்டையும் பழமும் இருக்கின்றன. பயம் போய்விட்டதால் அமைதியாக இருக்கிறாரா, பயத்துக்கு வேலை இல்லாததால் அமைதியாக இருக்கிறாரா? பாதுகாப்பான சாப்பாட்டை மட்டுமே சாப்பிடுகிறவருக்கு, மற்றதும் பாதுகாப்பானதுதான் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வருவதில்லை. உங்கள் ‘நீட்டிக்கும் காரணம்’ கட்டத்தில் முதலில் இருக்க வேண்டியது இது. ‘இன்சைட் குறைவு’ வெறும் வர்ணனை, அது எதையும் விளக்காது.

உடனே செய்ய வேண்டியது கால வரிசை. ஒரு பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: தேதி, நடந்தது, அப்போது அவர் நினைத்தது, யார் சொன்னது. சம்பவத்துக்கு முந்தைய எட்டு மாதம் வாரக் கணக்கிலும், கடைசி மூன்று வாரம் நாள் கணக்கிலும், கடைசி நாள் மணிக் கணக்கிலும் வர வேண்டும். நான்காவது பத்தியை விட்டுவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர்.-இல் இருப்பது ஒன்று, போலீஸ் எழுதிய வாக்குமூலம் ஒன்று, அம்மா சொல்வது ஒன்று, அவரே சொல்வது ஒன்று. நான்கும் முட்டிக்கொள்ளும். முட்டுகிற இடத்தில்தான் வேலை.

இன்னொன்று. இந்த விளக்கம் சரி என்றால் வார்டிலேயே ஒரு அடையாளம் தெரிய வேண்டும். கோர்ட்டுக்கு எஸ்கார்ட்டில் போய்த் தாமதமாகத் திரும்பும் நாளில், தட்டில் போட்டு மூடி எடுத்துவைத்த சோற்றை அவர் சாப்பிட்டிருக்கக் கூடாது. அது ‘அவருக்கென்று தனியாக வைத்தது’. டியூட்டி நோட்டைப் புரட்டுங்கள். தயவுசெய்து நீங்களாகத் தட்டு வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள், நடந்ததை மட்டும் தேடுங்கள். எல்லா நாளும் சாப்பிட்டிருக்கிறார் என்றால் நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி விழுந்துவிடும். விழட்டும்.

---

தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் மீடியம் செக்யூர் யூனிட்டில் (நடுத்தரக் காவல் உள்ள மனநல வார்டு) வேலை. பழையஃபைல் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு எச்சரிக்கையோடு. தயிர்சாதக் கதை அழகாக இருக்கிறது, அதுதான் ஆபத்து. ஃபார்முலேஷனில் அழகான கதை கிடைத்தவுடன் மூளை தேடுவதை நிறுத்திவிடும். பொருந்தாத தகவல் எல்லாம் ‘முக்கியமில்லை’ ஆகிவிடும்.

ஆகவே அதோடு குறைந்தது இரண்டு போட்டி விளக்கம் எழுதுங்கள். ஒன்று: கலந்து கொடுத்ததால் சந்தேகம் உறுதிப்பட்டது, அதனால் தாக்குதல். இரண்டு: மருந்து திடீரென்று நின்றதால் ரிலாப்ஸ் (நோய் மறுபடி தலைதூக்குவது), கலந்ததற்கும் தாக்குதலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மூன்று: நிலத் தகராறில் வந்த கோபம், நோய் பின்னணி மட்டும். ஒவ்வொன்றுக்கும் எது ஆதாரம், எது எதிர், எது தெரிந்தால் இது பொய்யாகும் என்று மூன்று வரி. வரிசைதான் தீர்ப்பு சொல்லும். விஷ பயம் முதலில் வந்து கலப்பது பிறகு தொடங்கியிருந்தால், கலந்தது பயத்தை உண்டாக்கவில்லை, ஊட்டி வளர்த்தது. கட்டம் மாறும், சிகிச்சையும் மாறும்.

எச்.சி.ஆர்-20 பற்றி. 2013-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஏழு படி: தகவல் சேர்த்தல், காரணி இருக்கிறதா என்று குறித்தல், அது இந்த ஆளுக்கு எவ்வளவு பொருத்தம், ஃபார்முலேஷன், சூழ்நிலைகள், மேலாண்மைத் திட்டம், இறுதிக் கருத்து. நீங்கள் இரண்டாம் படியில் நின்றுவிட்டீர்கள். ‘ஆறுக்கு உண்டு’ என்பது எதையும் சொல்லாது. மூன்றாம் பதிப்பில் எண்ணைக் கூட்டுவதே கிடையாது. உண்டு, ஓரளவு, இல்லை, அவ்வளவுதான். ஒரு காரணி இருக்கலாம், ஆனால் இவருடைய வன்முறைக்கு அதற்கும் சம்பந்தம் இல்லாமல் போகலாம். வேலை இல்லாதது ‘உண்டு’, பொருத்தம் குறைவு. பத்து முன்வரலாற்றுக் காரணி, ஐந்து இன்றைய நிலை, ஐந்து வரப்போகும் சூழல் என்று இருபதிலும், பொருத்தம் ‘அதிகம்’ என்று வருவது பெரும்பாலும் நாலைந்துதான். ஃபார்முலேஷனுக்குள் அவை மட்டும் வந்தால் போதும்.

அந்த நாலைந்தையும் மூன்று வகையாகக் கேளுங்கள். அந்தக் கணத்தில் வன்முறை அவருக்கு எதைக் கொடுத்தது? தற்காப்பா, பழியா, பணமா? இது தூண்டுவது. எது அவருடைய வழக்கமான தடையைத் தளர்த்தியது? குடி இங்கே வரலாம். எது யோசிக்கும் திறனையே குலைத்தது? தூக்கமின்மை, பசி, குரல்கள். ஒரே காரணி இரண்டு வகையிலும் வரலாம். ஆனால் குடியையும் விஷக் கதைக்குள் இழுத்துவிடாதீர்கள். தூக்கம் வராமல் குடித்தாரா, அதற்கு முன்பே தினம் குடிப்பவரா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கடைசி ஐந்து காரணிகளை இரண்டு தடவை குறியுங்கள்: வார்டிலேயே இருந்தால் ஒன்று, வீட்டுக்குப் போனால் ஒன்று. உங்கள் கேஸில் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம்தான் அறிக்கை.

சூழ்நிலைகளைப் பொறுத்தவரை நான்கு போதும். பழையது அப்படியே திரும்புவது (அண்ணன்). திருகல், அதாவது அதே காரணம், வேறு ஆள்: இனி சோறு போடப்போகிறவர் அம்மா, ஆக இங்கே அம்மாதான். முற்றியது, அதாவது உயிர் போவது. நான்காவது, நல்லபடியாக முடிவது. ஒவ்வொன்றுக்கும் என்ன விதம், எவ்வளவு காயம், எவ்வளவு சீக்கிரம், எத்தனை முறை, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுதுங்கள். வன்முறை இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுச் சோறு வேண்டாம் என்று கிளம்பிப்போய், கடையில் சாப்பிட்டுக்கொண்டு, ஊசித் தேதியைத் தவறவிடுவது. இந்த மாதிரி ஆட்களிடம் அதுதான் முதலில் நடக்கும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே 1983 மனநலச் சட்டத்தின் 37, 41 பிரிவுகளில் (கோர்ட் உத்தரவால் ஆஸ்பத்திரிக் காவலில்) இருப்பவர்களை நிபந்தனையோடு வெளியே அனுப்பும் வழக்கம் உண்டு. நிபந்தனைப் பட்டியலைப் பார்த்தாலே ஃபார்முலேஷன் நடந்ததா இல்லையா தெரியும். ‘மருந்து சாப்பிட வேண்டும், மது அருந்தக் கூடாது’ என்று மட்டும் இருந்தால் நடக்கவில்லை. அந்த நிபந்தனையை யாருக்கும் எழுதலாம்.

---

பி.எஸ்.டபிள்யூ_தெற்கு

சமூகப் பணியாளர் பக்கத்திலிருந்து. வீட்டைப் பார்க்காமல் இதை முடிக்காதீர்கள். ஹோம் விசிட்டில் எல்லோரும் ‘சிமெண்ட் வீடு, இரண்டு அறை, கழிப்பறை உண்டு’ என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த கேஸுக்கு வேண்டிய கேள்வி வேறு.

அடுப்படி ஒன்றா இரண்டா? அண்ணன் குடும்பம் அதே வீட்டிலா, பக்கத்து வீட்டிலா, உலை தனியா? அம்மா ஊரில் இல்லாத நாளில் யார் சமைப்பார்? அரிவாள், மண்வெட்டி, தேங்காய் உரிக்கும் கம்பி எல்லாம் எங்கே வைக்கிறார்கள்? பாகப்பிரிவினை முடிந்து பத்திரம் ஆயிற்றா, இன்னும் பேச்சில் இருக்கிறதா? ஊசி போட எந்த ஆஸ்பத்திரி, பஸ்ஸில் எவ்வளவு நேரம், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் அங்கே எந்தக் கிழமை வருகிறார்? டாஸ்மாக் எவ்வளவு தூரம்?

அடுத்து, வெட்டுப்பட்டவர். உங்கள் எழுத்தில் அண்ணன் இரண்டு விரலோடு முடிந்துவிட்டார். அம்மா மனுப் போட்டது அவருக்குத் தெரியுமா? அம்மாவுக்கு இரண்டு பேரும் பிள்ளை, மனு போட்டிருப்பது ஒரு பிள்ளைக்காக. ‘குடும்பம் ஏற்றுக்கொள்ளத் தயார்’ என்ற வாக்கியத்தை அம்மாவின் கையெழுத்தை மட்டும் பார்த்து எழுதக் கூடாது. அண்ணனையும் அண்ணியையும் தனித்தனியாக, அம்மா இல்லாதபோது பாருங்கள். அண்ணி சொல்வதை முழுக்க எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சமைத்தது யார் என்று கேட்க மறக்காதீர்கள்.

---

அரைகுறைநோட்டு

ரொம்ப நன்றி. கால வரிசை போட்டேன், வீட்டாரிடம் தனித்தனியாகப் பேசியாயிற்று. வந்தது இது.

சம்பவத்துக்கு 7 மாதம் முன்: பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்குகிறது. அடுத்த சில வாரத்தில், ‘பங்கு கொடுக்காமலிருக்க அண்ணன் சாப்பாட்டில் மருந்து வைக்கிறான்’ என்கிறார். 5 மாதம் முன்: மாத்திரையை வெளிப்படையாக மறுக்கிறார், அம்மா தயிர்சாதத்தில் கலக்க ஆரம்பிக்கிறார். 3 மாதம் முன்: தட்டின் அடியில் வெள்ளைத் துகள் பார்த்துத் தட்டை வீசுகிறார். அதற்குப் பிறகு அம்மா காபியில் கலக்கிறார். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் சாப்பிடுவார். 19 நாள் முன்: தங்கை பிரசவத்துக்காக அம்மா ஊருக்குப் போகிறார், மாத்திரையும் அதோடு நிற்கிறது. அண்ணி சமைக்கிறார், அண்ணன் தட்டை அறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கடைசி ஐந்து இரவு தூக்கம் இல்லை. அதற்கு முன்பு எப்போதாவது குடிப்பவர், அந்த வாரம் தினம் ஒரு குவார்ட்டர். கடைசி இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. அன்று சாயங்காலம் அண்ணன் தட்டை வைத்து, வாசலை மறித்து நின்று, ‘இன்னிக்கு நீ சாப்பிட்டே ஆகணும்’ என்றிருக்கிறார். கதவுக்குப் பின்னால் தேங்காய் வெட்டும் அரிவாள். எஃப்.ஐ.ஆர்.-இல் ‘சொத்துத் தகராறு காரணமாக’ என்று மட்டும் இருக்கிறது. வாசலில் நின்றதை அண்ணனே சொன்னார்.

டியூட்டி நோட்டில் தாமதமாகத் திரும்பிய நாள் நான்கு கிடைத்தன. மூன்றில் ‘சாப்பாடு வேண்டாம் என்றார், பிஸ்கட் சாப்பிட்டார்’. நான்காவதில் எதுவும் எழுதவில்லை.

---

பழையஃபைல்

இப்போது உங்களிடம் கேஸ் இருக்கிறது. நான் தவறியதையும் குறித்துக்கொள்கிறேன்: பயம் முதலில் வந்திருக்கிறது, கலப்பது அதற்குப் பிறகுதான். தேம்ஸ்கரை சொன்னபடி அது நீட்டிக்கும் காரணம். ரிலாப்ஸும் பொய் இல்லை, 19 நாள் மருந்தே இல்லை. இரண்டு விளக்கமும் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. அம்மா கிளம்பியபோது மாத்திரையும் போயிற்று, ருசி பார்த்துக் காட்டுகிற ஆளும் போயிற்று. தட்டு, யார்மேல் சந்தேகமோ அவர் கைக்கே போயிற்று.

நிலத் தகராறையும் தூக்கி எறிய வேண்டாம். அது கோபத்தைக் கொடுத்ததோ இல்லையோ, டெல்யூஷனுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ‘ஏன் அண்ணன்’ என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான்.

இந்த மாதிரி எழுதிப் பாருங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல்:

‘குடும்பத்தில் மனநோய் உள்ள, சிறுவயதில் அப்பாவிடம் அடிபட்டு வளர்ந்த இவருக்கு, வீட்டு ஆண்களிடமிருந்து தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பு நோய்க்கு முன்பே இருந்திருக்கக்கூடும் (இது ஊகம், ஆதாரம் அவர் பேச்சு மட்டும்). பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கியபோது நோயின் சந்தேகம் அண்ணன்மேல் குவிந்தது, அது விஷ பயமாக உருவெடுத்தது. பயத்தால் மாத்திரையை மறுத்தார். மறுத்ததால் அம்மா கலந்து கொடுத்தார். கலந்ததை அவர் கண்ணாலேயே பார்த்ததால் பயம் உறுதியாயிற்று. அம்மா ருசி பார்த்துக் காட்டிய வரை சாப்பிட முடிந்தது, வன்முறை இல்லை. அம்மா ஊருக்குப் போனதும் மருந்தும் அந்த ஏற்பாடும் ஒன்றாக நின்றன. தூக்கமின்மை, பட்டினி, குடி மூன்றும் நிதானத்தைக் குலைத்த நிலையில், அண்ணன் வழியை மறித்துச் சாப்பிடச் சொன்னது, தப்பிக்க வழியில்லாத கொலை முயற்சியாக அவருக்குப் பட்டது. கைக்கு எட்டிய ஆயுதத்தால் தாக்கினார். முன்கூட்டித் திட்டமிட்டதற்கான அடையாளம் இல்லை. வார்டில் தாக்குதல் இல்லாததற்கு மருந்து ஒரு காரணம். பொதுச் சோறும் சீல் வைத்த உணவும் இன்னொரு காரணமாக இருக்கலாம். தனியாக எடுத்துவைத்த உணவை இன்னும் மறுப்பதால் பயம் முழுதும் போய்விட்டதாகக் கொள்ள முடியாது. ஆகவே ஆபத்து கூடும் சூழல் இது: ஊசி தவறுதல், இரண்டு இரவுக்கு மேல் தூக்கமின்மை, ஒருவரே தனியாகச் சோறு போடுதல், சாப்பிடச் சொல்லி வற்புறுத்துதல், வெளியேற வழி அடைபடுதல்.’

கவனியுங்கள், ‘ஆகவே’வுக்குப் பிறகு வருகிற ஐந்தும் அப்படியே திட்டம் ஆகிவிடுகின்றன. டெப்போ ஊசி இருப்பதால் வீட்டில் மாத்திரையே வேண்டாம் என்ற நிலைக்கு வர முடியுமா என்று சைக்கியாட்ரிஸ்டிடம் கேளுங்கள். மாத்திரை இருந்தே ஆக வேண்டுமானால், ஸ்ட்ரிப்பை அவர் கையில் கொடுத்து அவரே பிரிக்க வேண்டும். எதிலும் எதுவும் கலப்பதில்லை என்று அம்மா அவரிடமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பழையதை ஒப்புக்கொள்வதையும் சேர்த்து. ஆனால் அதை வீட்டில் அல்ல, வார்டில், டாக்டரும் நீங்களும் பக்கத்தில் இருக்கும்போது. ‘அப்போ நான் நினைச்சது சரிதானே’ என்று அவர் திருப்பிக் கேட்பார். கலந்தது உண்மை, கொல்ல அல்ல என்று பதில் சொல்லத் தயாராக இருங்கள். இது ஒரே நாளில் முடியாது. அவருடைய நிலையைப் பார்த்து ஆறேழு செஷனாவது ஒதுக்குங்கள்.

சாப்பாட்டுக்கு, எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து அவரவரே போட்டுக்கொள்வது. மறுத்தால் விட்டுவிடுவது, யாரும் வாசலில் நிற்காமலிருப்பது. சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறோமா என்று உங்கள் சூப்பர்வைசர் கேட்கலாம், நியாயமான கேள்வி. முதல் மூன்று மாதத்துக்குப் பாதுகாப்பு முக்கியம். முட்டையிலிருந்து மூடிவைத்த தட்டுவரை படிப்படியாக ஏறுகிற வேலையை வார்டிலேயே இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், அவர் சம்மதத்தோடு.

---

பிரிவு374

கோர்ட் அறிக்கை எழுதுகிற சைக்கியாட்ரிஸ்ட் பக்கத்திலிருந்து சுருக்கமாக.

மேலே எழுதியது ஃபைலுக்கு. அப்படியே கோர்ட்டுக்குப் போகக் கூடாது. 84 (புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 22) கேட்பது செய்கையின் தன்மை தெரிந்ததா, அது தவறு என்று தெரிந்ததா என்ற கேள்வி. அது தீர்ந்துபோன விஷயம், அதை மறுபடி வாதாட வேண்டாம். இப்போது இருப்பது விடுவிக்கும் கேள்வி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 335, 338, 339. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) அவை 374, 377, 378. உத்தரவு எந்தச் சட்டத்தில் போடப்பட்டது என்று அந்த ஆர்டரிலேயே பார்த்து அந்த எண்ணையே எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் மனு திரும்பி வரும்.

உறவினரிடம் ஒப்படைக்கக் கேட்டால், அவர் பிணை கொடுக்க வேண்டும்: ஒழுங்காகப் பராமரிப்பேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் தடுப்பேன், கேட்கும்போது ஆஜர்படுத்துவேன் என்று. உங்கள் ஃபார்முலேஷன் இந்த இரண்டாவது வாக்குறுதிக்குத்தான் சதை கொடுக்கிறது. அம்மா ஒருவராக இதைச் செய்ய முடியுமா, அவர் ஊரில் இல்லாத நாளில் யார் என்று அறிக்கையில் நேராக எழுதுங்கள். போன தடவை எல்லாம் உடைந்தது அவர் இல்லாத 19 நாளில்தான்.

‘அதிகம், மிதம், குறைவு’ என்று போடும்போது அது எத்தனை சதவீத வாய்ப்பு என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். அது எவ்வளவு கவனிப்பு வேண்டும் என்பதன் அளவு என்று ஒரு வரி சேருங்கள். ஊகங்களை ‘கருதுகிறோம்’ என்று எழுதுங்கள். அப்பா அடித்த வாக்கியம் கோர்ட்டுக்கு வேண்டாம், முடிவை அது மாற்றவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியம் காப்பதைப் பற்றியது. தேவைக்கு மேல் கொடுக்காமலிருப்பது நமக்கும் நல்லது. அம்மா கலந்து கொடுத்ததை எழுதத்தான் வேண்டும், ஆனால் ‘ரகசியமாக மருந்து கலந்தார்’ என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் அவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். ‘மறுத்த நிலையில் உணவோடு மருந்து கொடுக்கப்பட்டது, அதை அவர் கண்டறிந்தார்’ போதும்.

---

அரைகுறைநோட்டு

கடைசியாக ஒன்று. அவரிடம் இந்த ஃபார்முலேஷனைக் காட்டலாமா?

---

தேம்ஸ்கரை

காட்ட வேண்டும், ஆனால் இந்தப் பக்கத்தை அல்ல. அவருடைய வார்த்தையில் ஐந்தாறு வரி, ஒரு படமாகப் போட்டால் இன்னும் நல்லது: பயம், சாப்பிடாமை, தூக்கமில்லாமை, குடி, அண்ணன் வாசலில். அம்புக்குறியை அவரே போடட்டும். தவறான இடத்தில் போட்டால் திருத்தாமல், ஏன் அங்கே என்று கேளுங்கள். உங்கள் வரிசையைவிட அவருடையது சரியாக இருக்கிற நேரம் உண்டு. ‘டெல்யூஷன்’ என்ற சொல்லை அந்தத் தாளில் எழுத வேண்டாம். ‘சோற்றைப் பற்றிய பயம்’ என்று எழுதுங்கள், அதில் அவர் கையெழுத்துப் போடுவார்.

நான்காவது நாளில் நோட்டில் எதுவும் எழுதவில்லை என்றீர்களே, அன்றைக்கு டியூட்டியில் இருந்த நர்ஸைக் கேட்டீர்களா? அன்று தட்டு வைத்தார்களா, இல்லை மிச்சம் இல்லாமல் முட்டைதான் கொடுத்தார்களா என்று தெரியாமல் ‘நான்கில் மூன்று’ என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.